பகலில் தூங்கும் வீடு

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது.

அதற்கு முன் சில வருடங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவள் நான். பெல்ட்டில் போர்டு வரும். திருகாணி போட்டுத் தள்ளிவிட வேண்டும். என் கை நின்றால் பக்கத்தில் நிற்பவளுக்கு வேலை தடைபடும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் கை மட்டும் ஓயவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரிப்பேன். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஊருக்குத் திரும்பினால் அதோடு சரி. மறுபடி லைனில் நிற்கவும் மனசில்லை. அப்போதுதான் ஹாஸ்டலில் என் அறையில் இருந்த ஒருத்தி மழலையர் கல்விப் பட்டயப் படிப்பைப் பற்றிச் சொன்னாள். சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் காலையில் ஏதாவது ஒரு மழலையர் பள்ளியில் பயிற்சி. குழந்தைகள் மேல் இருந்த ஆசையால் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். வேறு ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்கிற தவிப்பில் சேர்ந்தேன். சாயங்காலங்களில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலையும் பார்த்தேன்.

வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்தது. பாடம் எடுத்த மேடம் வேகமாகப் பேசுகிறவர். நடுவில் போன் வந்தால் படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார், திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று எங்களையே கேட்பார். பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் அவர் சொன்னது இதுதான்.

"ஆளுக்கு ஒரு குழந்தைய எடுத்துக்கோங்க. கொஞ்ச நாளைக்கு அந்தக் குழந்தைய மட்டும் பாருங்க. சொல்லிக் கொடுக்காதீங்க, திருத்தாதீங்க, உதவிகூடப் பண்ணாதீங்க. பார்த்தாப் போதும்."

என்னை அனுப்பிய பள்ளி ஒரகடம் போகிற ரோட்டில் பிள்ளைப்பாக்கம் தாண்டி இருந்தது. யாரோ குடியிருக்கக் கட்டிய மாடி வீடுதான், ரோஸ் பெயிண்ட் அடித்துப் பள்ளியாக்கியிருந்தார்கள். நடத்தியவர் ஒரு பெண்மணி. தாளாளரும் அவரே, எல்கேஜி மிஸ்ஸும் அவரே. கம்பெனி வேலைக்காரர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். ரோட்டில் கண்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

வகுப்பிலேயே அமைதியாக இருந்த ஒரு பெண் குழந்தையைத் தேர்ந்தெடுத்தேன். நாலு வயசு இருக்கும். இவளைப் பார்ப்பது சுலபம் என்று நினைத்தேன். எல்லாரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சுலபமாக இல்லை. மூலையில் சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். எழுந்து எதையாவது அடுக்க வேண்டும் போல இருக்கும். சிதறிக் கிடக்கும் கட்டைகளை எடுத்து நிறம் நிறமாக வரிசையில் வைத்துவிடுவேன். குழந்தைகள் வந்து கலைப்பார்கள், நான் மறுபடி அடுக்குவேன். பாப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளைப் பார்த்ததைவிட அவள் என்னைப் பார்த்ததுதான் அதிகம்.

பாட்டு நேரத்தில் அவள் உதடு அசையும். கையைத் தூக்குவாள், இறக்குவாள், எல்லாம் சரியாகச் செய்வாள். ஆனால் சத்தம் வராது. கிட்டத்தில் போய்க் காதைக் கொடுத்தாலும் வராது.

தாளாளரிடம் கேட்டேன்.

"அதுக்குக் காதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். "டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். காது நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்புறம் இன்னா பண்றது? பேரன்ட்ஸ் டேக்குக் கடைசி வரிசைல நிக்க வெச்சுக்கலாம். நீங்க அத்தயே பாத்துக்கினு இருக்காதீங்க, நல்லா பேசற பசங்கள பாருங்க."

ஆனால் அவளை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் செய்த ஒவ்வொன்றும் விநோதமாக இருந்தது. கதவைச் சாத்தும்போது ஒரு கையால் தள்ளி மறு கையை இடுக்கில் வைத்துக்கொள்வாள், கதவு சட்டத்தில் மோதாதபடி. எவர்சில்வர் டம்ளரைக் கீழே வைக்கும்போது முதலில் சுண்டுவிரலைத் தரையில் வைப்பாள், அதன் மேல் டம்ளரை இறக்குவாள், பிறகு விரலை உருவுவாள். செருப்பைச் சத்தம் வராமல் கழற்றி வைப்பதற்குள் மற்ற பிள்ளைகள் சோற்று டப்பாவைத் திறந்திருப்பார்கள். யாராவது டப்பாவைக் கீழே போட்டால் அவள் உடம்பு முழுக்க ஒரு தடவை குலுங்கும். உடனே வகுப்பின் மூலைகளைப் பார்ப்பாள், அங்கே யாரோ படுத்திருப்பது போல.

ஒரு நாள் ஒரு பையன் உற்சாகத்தில் கத்தினான். பாப்பா எழுந்து போய் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கோபமாக மூடவில்லை, அக்கறையாகத்தான் மூடினாள். அவன் அந்தக் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்து ரத்தம் கட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் திறந்திருக்கிறது, அப்போதும் சத்தம் வரவில்லை. உதவி செய்யாதே என்ற மேடம் வார்த்தை அன்றோடு போயிற்று. அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.

அன்று அவளை வீட்டில் விடுவதற்கு நானே போனேன்.

நீளமாக ஒரே வரிசையில் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் சேஃப்டி ஷூ கிடந்தது. பாப்பா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். கதவைத் தட்டவில்லை. வாசலில் நின்று கதவில் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். அவள் அம்மா திறந்தாள், என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

உள்ளே ஜன்னலுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஃபேனுக்குக் கீழே ஒரு ஆள் போர்வையால் தலைவரை மூடிப் படுத்திருந்தார். அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பொதுக் குழாய்ப் பக்கம் போய் நின்றோம். அங்கேயும் அவள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"நைட்டு ஷிப்ட் மிஸ். இப்பதான் தூங்கினு கீறாரு. கார் பார்ட்ஸ் கம்பெனி, தகடு அமுக்கற பிரஸ் மிஷின்ல நிக்கிறாரு. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு எப்பவும் நைட்டுதான் போடறாங்க."

"எவ்வளவு நாளா?"

"பாப்பா தவழ்றப்பலருந்தே இப்படித்தான். ஒரே ரூமு. நான் குக்கர்கூட வெக்கறதில்ல மிஸ், விசில் வரும்னு."

குழந்தை கையில் இருந்த பல் தடத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவள் பதறவில்லை. மகள் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "இது எதுக்கும் அழுவாது மிஸ். ரொம்ப சமத்து" என்றாள். அதில் பெருமை இருந்தது.

"பாப்பா வகுப்பில பேசவே மாட்டேங்கா" என்றேன். பதட்டத்தில் என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"பேசும் மிஸ். காதுல பேசும். குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். பாப்பா இரண்டு கையாலும் என் காதைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். மூச்சுக்காற்று மாதிரி ஒரு பேச்சு வந்தது. நின்று நின்று வரவில்லை, கொட்டியது.

"மிஸ், டேங்க்கு மேல பூனை குட்டி போட்டுகீது. ஒரு குட்டி மட்டும் கறுப்பு. அதோட அம்மா வாயில கவ்வி கவ்வி தூக்கினு போவுது. கீழ போடவே மாட்டேங்குது. எனக்கு ஒரு குட்டி குடுக்குமா? நான் கத்த உட மாட்டேன்."

எத்தனை தெளிவான பேச்சு! வகுப்பில் வாய் கிழியப் பேசுகிற எந்தப் பிள்ளையும் இவ்வளவு வாக்கியங்களைச் சேர்த்துச் சொன்னதில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். எங்கள் அறையிலும் அந்த நேரத்தில் நைட்டு ஷிப்ட் முடித்த ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். போனைச் சைலண்டில் போட்டு, வளையலைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வருடக்கணக்காகச் செய்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. கட்டிலில் உட்கார முடியாமல் மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கினேன்.

சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு என்றாள் ஒருத்தி. அவள் பேசத் தெரிந்தவள்தானே, தானாகச் சரியாகும் என்றாள் இன்னொருத்தி.

மேடம் கேட்டார், "அப்பாகிட்ட என்ன சொல்லுவ? தூங்காதேன்னா?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. ஆனா அந்தக் குழந்தைக்குப் பயிற்சி தேவைப்படறது பேச்சுல இல்ல, சத்தத்துல. அத எங்க வெச்சுக் குடுப்பன்னு யோசி." அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தாளாளரிடம் கேட்டு, இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கைப்பிடிச் சுவர் உயரமானது, பயமில்லை. ரோட்டில் லாரி வரும் இரைச்சல் கேட்டதும் எல்லாரும் அதைவிடப் பெரிதாகக் கத்த வேண்டும். அதுதான் விளையாட்டு. தட்டு, டப்பா, உடைந்த வாளி, எதையும் அடிக்கலாம். பிள்ளைகள் வெறிபிடித்த மாதிரி கத்தினார்கள். பாப்பா சுவரோரம் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காதைப் பொத்தவில்லை. அதற்கு மறுநாள் ஒரு தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள், அடிக்கவில்லை. இந்த மெதுவான போக்கு என்னைப் பாடாய்ப் படுத்தியது. லைனில் ஒரு மணிக்கு ஒரு தடவை எத்தனை முடித்தோம் என்று பலகையில் தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. நான் செய்வது சரிதானா, அல்லது ஒரு குழந்தையை வீணாகப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. மருந்துக் கடையில் பில்லைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கார்களை அடுக்கிய நீளமான லாரி ஒன்று திரும்ப இடமில்லாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. அந்த ஹாரனுக்குள் புதிதாக ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். திரும்பினேன். பாப்பா கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து நின்றிருந்தாள். சத்தம் நின்றதும் சுற்றிலும் பார்த்தாள். யார் எழுந்துவிட்டார்கள் என்று தேடினாள். யாரும் எழவில்லை. காக்கா ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டியை விட்டுப் பறந்தது. அவள் மறுபடி கத்தினாள். பிறகு தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டாள். பக்கத்தில் நின்ற பையன் பயந்து விலகினான். அன்று முழுக்க அவள் நிற்கவே இல்லை. தொண்டை கட்டிப்போய்தான் வீட்டுக்குப் போனாள்.

எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. எல்லாம் திங்கட்கிழமை காலைவரைதான்.

வாசலில் பாப்பாவின் அப்பா நின்றிருந்தார். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கம்பெனி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பாப்பா அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

"நீங்கதான் அந்த டிரெய்னிங் மிஸ்ஸா? இன்னா, கொயந்தைக்குக் கத்த சொல்லிக் குடுத்துகினு கீறீங்களாமே?"

"சார், அவ குரலே வெளிய வராம..."

"சனிக்கிழம பகல் பூரா தட்ட அடிக்குது மிஸ். கதவ ஒதைக்குது. கண்ண மூடினா ஒரு கத்து. சனிக்கிழம நைட்டு எனக்கு டியூட்டி. பிரஸ் முன்னால நின்னுகினே கண்ணு சொக்கிடுச்சு. பக்கத்துல இருந்தவன் இழுத்துட்டான். இல்லன்னா?" தன் வலது கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "இது போயிருந்தா நீங்க வந்து சோறு போடுவீங்களா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தாளாளர் வந்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, இனி மாடிக்குப் போகக் கூடாது, வகுப்பில் மூலையில் உட்கார்ந்தால் போதும், அதுவும் பிடிக்காவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பாப்பாவிடம் வீட்டில் என்ன சொன்னார்களோ, அவள் இப்போது உதட்டைக்கூட அசைக்கவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பு இருந்த அந்தக் காதுப் பேச்சும் போயிற்று. அதுதான் என்னைத் துரத்தியது. மறுபடி லைனுக்கே போய்விடலாம், அங்கே கெட்டுப்போன போர்டைத் தனியாக எடுத்து வைக்கச் சிவப்புக் கூடை இருக்கும், இங்கே அதுவும் இல்லை என்று நினைத்தேன். வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறைத்தோழி சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் அன்று இரவெல்லாம், சத்தத்தை எங்கே வைத்துக் கொடுப்பாய் என்று மேடம் கேட்டதே மனசில் ஓடியது. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. பள்ளிக்குப் போய்த் தாளாளர் எதிரே நின்றேன்.

"மதியம் பள்ளி விட்டதும் பாப்பாவ நான் இங்கேயே வெச்சுக்கட்டுமா? அவங்க அப்பா எழுந்திரிக்கிற வரைக்கும். நானே பார்த்துக்கிடுதேன்."

"யாரு பொறுப்பு? கரண்டு, தண்ணி, ஆயாவும் போயிடுவா."

"கூட்டுறது, பூட்டுறது எல்லாம் நான். அவர் தூங்கட்டும். அவ கத்தட்டும். ரெண்டும் ஒரே ரூம்ல நடக்காதுல்லா மேடம்."

அவர் சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். "ஒரு வாரம் பாப்போம். ஏதாவது ஆச்சுன்னா எனக்குத் தெரியாது" என்றார்.

பாப்பாவின் அம்மாவிடம் குழாயடியில் சொன்னேன். அவள் முதலில் பயந்தாள். பிறகு, "அவரு ஒத்துப்பாரு மிஸ். நிம்மதியா தூங்கலாமே" என்றவள், சற்று நின்று, "நானும் கொஞ்சம் தூங்குவேன்" என்றாள்.

முதல் இரண்டு நாள் பாப்பா என்னோடு ஒரு சொல் பேசவில்லை. படம் வரைந்தாள், தூங்கினாள். நானும் அவளும் மட்டும் அந்த ரோஸ் வீட்டில். மூன்றாம் நாள் தண்ணீர் வாளியை நான் கை தவறிக் கீழே போட்டேன். நிஜமாகவே தவறியதுதான். அறை முழுக்க வெள்ளம். அவள் திடுக்கிட்டாள், என் சுடிதார் நனைந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கரகரத்த குரலில்தான். பிறகு மாடிக்குக் கூட்டிப்போ என்று கேட்டாள். காதில் கேட்கவில்லை, அறையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டாள்.

அடுத்த வாரம் அதே வரிசை வீடுகளிலிருந்து இன்னும் சில அம்மாக்கள் வந்தார்கள். எல்லாம் நைட்டு ஷிப்ட் வீடுகள். மதியம் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்தது.

அப்போதுதான் ஒரு நாள் பாப்பாவின் அப்பாவே அவளைக் கூட்டிப்போக வந்தார். தூங்கி எழுந்த முகம், தலை வாரியிருந்தார். மாடியில் பிள்ளைகள் ஒரு லாரியோடு போட்டிபோட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். சுவர் மறைத்ததால் யாரும் தெரியவில்லை.

"மிஸ்" என்றார். "இதுல எது எம்பொண்ணு?"

முதலில் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவருக்கு அந்தக் குரலே தெரியாது. தூக்கத்தில் எரிச்சலோடு கேட்ட ஒரு கத்தலைத் தவிர அவர் அதைக் கேட்டதில்லை.

"அடுத்த லாரி வரட்டும், சொல்லுதேன்."

நின்றோம். ரொம்ப நேரமாக லாரியே வரவில்லை. பைக்குகள் போயின, கம்பெனி பஸ் ஒன்று போயிற்று. அவர் பாக்கெட்டிலிருந்து பீடியை எடுத்து, பள்ளி என்பது நினைவு வந்து திரும்ப வைத்தார். பிறகு ஒரு டிரெய்லர் வந்தது. மேலே எல்லாரும் கத்தினார்கள்.

"இதோ, இந்தக் கனமான குரல். எல்லாத்துக்கும் அடியில கேக்குதுல்லா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எங்கம்மா கொரலு மிஸ் இது" என்றார். "சந்தையில காய் விக்கும். அதே கொரலு." பாப்பா இறங்கி வந்து அவரைப் பார்த்ததும் சட்டென்று காதைத் தேடி எம்பினாள். அவர் குனியவில்லை. "அப்பா முழிச்சுகினுதான் கீறேன், சும்மா சொல்லு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "பசிக்குது" என்றாள். ரோட்டில் போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

படிப்பு முடிந்து சான்றிதழ் வந்தது. தாளாளர் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார். மதிய நேரக் குழந்தைகளுக்கென்று பள்ளி வாசலில் பெரிய போர்டு எழுதி மாட்டினார், யோசனை அவருடையது என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை.

பாப்பாவின் அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் முடிந்து, அந்தக் குடும்பம் திருத்தணிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டது. போன வாரம் அவள் அம்மா போன் செய்தாள். பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்களாம்.

"இப்ப வாய மூடவே மாட்டேங்குது மிஸ். ஓயாம பேசுதுன்னு டீச்சர் தனியா ஒக்கார வெச்சுட்டாங்களாம்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. தனியாக எங்கே உட்கார வைத்தார்கள், எத்தனை நாளாக, அவள் அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த டீச்சருடைய நம்பரை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.